சந்தை: இடமா, பொழுதா? கொல்லிமலைச் சந்தையை முன்வைத்து அங்காடி மறுகட்டுமானம் குறித்த ஓர் ஆய்வு

ஆய்வுச்சுருக்கம்

தமிழகத்தின் பழைய சந்தைகள் பல புதிய வணிக வளாகங்களாக மாற்றிக் கட்டப்படுகின்றன. சில நகர்ப்புறத்திற்கு வெளியே இடம்பெயர்க்கப்படுகின்றன. இவற்றுள் சில நிலைபெற்றன. சில கட்டி முடிக்கப்பட்ட பின்னரும் ஆளின்றிக் கிடந்தன. இவ்வேறுபாட்டின் காரணத்தைச் சங்க இலக்கிய அங்காடிச் சொற்கள், ஊர்ப்பெயர்கள், அண்மைக்கால இடமாற்றங்கள் ஆகியவற்றின் துணையோடு இக்கட்டுரை விளக்குகிறது. தமிழ் மரபில் சந்தை என்பது கட்டடத்தைவிட ஒரு கூடுகையையும் அதற்குரிய பொழுதையுமே முதன்மையாகக் குறித்தது என்பதும், இதனை மறந்த கட்டுமானம் சிறு விற்பனையாளரையே முதலில் வெளியேற்றும் என்பதும் இதன் கருதுகோளாகும்.

திறவுச்சொற்கள்: சந்தை, நாளங்காடி, கொல்லிமலை, மறுகட்டுமானம், இயல்புச் சந்தை.

முன்னுரை

நாமக்கல் மாவட்டத்தின் கிழக்கெல்லையில் அமைந்த கொல்லிமலை, காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து அடையப்படும் மலைநிலமாகும். வளவந்திநாடு, வாழப்பூர்நாடு, தின்னனூர்நாடு, அரியூர்நாடு என ‘நாடு’ என்னும் ஈற்றுப் பெயர் தாங்கிய 14 ஊராட்சிகள் இங்கு உள்ளன. மக்களுள் பெரும்பான்மையோர் மலையாளிப் பழங்குடியினர். மிளகு, காப்பி, வாழை, பலா, அன்னாசி, சிறுதானியங்கள் ஆகியன இம்மலையின் விளைபொருள்கள். சோளக்காட்டில் கூடும் சந்தை இவ்விளைபொருள்கள் கைமாறும் இடங்களுள் குறிப்பிடத்தக்கதாகும்.

சுற்றுலா வளர்ச்சியை ஒட்டிச் செம்மேடு, சோளக்காடு பகுதிகளில் தங்கும் விடுதிகளும் கடைக் கட்டடங்களும் பெருகி வருகின்றன. இந்நிலையில், சந்தையைக் கட்டடமாக்கும்போது எவை காக்கப்பட வேண்டும் என்னும் வினா எழுகிறது. தமிழகத்தின் பிற ஊர்களில் இவ்வினாவுக்குக் கிடைத்த விடைகள் கொல்லிமலைக்கும் பயன்படத்தக்கன.

சொல்வழி அறியலாகும் சந்தை

மாங்குடி மருதனார் இயற்றிய மதுரைக்காஞ்சி, மதுரையின் வணிகத்தை நாளங்காடி, அல்லங்காடி என இரண்டாகப் பகுத்துக் காட்டுகிறது. முன்னது பகற்பொழுதுக்கு உரியது. பின்னது மாலையும் இரவும் சார்ந்தது. இவ்விரு பெயர்களிலும் ‘அங்காடி’ என்னும் சொல்லுக்கு முன்னொட்டாக நிற்பது பொழுதே அன்றி இடமன்று. எப்போது கூடுகிறது என்பதே அங்காடியின் முதல் அடையாளமாகக் கருதப்பட்டதை இது உணர்த்துகிறது.

சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதை, புகார் நகரின் நாளங்காடியை மருவூர்ப்பாக்கத்திற்கும் பட்டினப்பாக்கத்திற்கும் இடைப்பட்ட பொதுநிலத்தில் வைக்கிறது. நெருங்கி வளர்ந்த மரங்களின் அடிகளையே கால்களாகக் கொண்டு கடைகள் அமைந்த சோலையாக அது காட்டப்படுகிறது. வாங்குவோர், விற்போர் ஆகியோரின் ஓசை அங்கு இடையறாது ஒலித்தது. மாடங்கள் நிறைந்த பெருநகரில் அங்காடிக்கு மரநிழலே போதுமானதாக இருந்தது என்பது கருதத்தக்கது. இரு பகுதி மக்களும் எளிதில் அடையும் நடுவிடம் என்பதே அதன் சிறப்பு.

இப்பொழுதுச் சார்பு பிற்கால ஊர்ப்பெயர்களிலும் தொடர்கிறது. கொல்லிமலை அடிவாரத்துச் சேந்தமங்கலத்திற்கு அணித்தே உள்ள புதன்சந்தை, சேலத்தின் செவ்வாய்ப்பேட்டை, குமரி மாவட்டத்துத் திங்கள்சந்தை, வெள்ளிச்சந்தை முதலியன கிழமையால் பெயர்பெற்ற ஊர்களாகும். இவ்வூர்களில் சந்தையின் நாள் ஊரின் பெயராயிற்று. ஊர் வளர்ந்து சந்தையை உருவாக்கியது என்பதைவிடச் சந்தை கூடியதால் ஊர் உருவாயிற்று என்பதே இப்பெயர்கள் தரும் செய்தி எனலாம்.

இன்றைய தமிழில் ‘பல்பொருள் அங்காடி’, ‘நியாயவிலை அங்காடி’ என்னும் வழக்குகளில் அங்காடி ஒரு கட்டடத்தைக் குறிக்கிறது. ‘சந்தை கூடுகிறது’, ‘சந்தை கலைகிறது’ என்னும் வழக்குகளிலோ பழம்பொருள் இன்னும் உயிர்ப்புடன் உள்ளது. கட்டடம் கூடுவதும் இல்லை, கலைவதும் இல்லை.

கொல்லிமலையும் பண்டமாற்றும்

கொல்லிமலை சங்கப் பாடல்களில் வல்வில் ஓரிக்கு உரிய மலையாகவும் பலாவளம் மிக்க மலையாகவும் சுட்டப்படுகிறது. மலையமான் திருமுடிக்காரி ஓரியைக் கொன்று கொல்லியைச் சேரர்க்கு அளித்த செய்தியை அகநானூற்றின் 209ஆம் பாடல் தருகிறது. ஆட்சியாளர் மாறினும் மலையின் விளைபொருள் சமவெளிக்கு இறங்குவதும் சமவெளியின் பொருள் மலைக்கு ஏறுவதும் வாழ்க்கைத் தேவையாகவே இருந்திருக்கும். தேனையும் கிழங்கையும் கொடுத்து மீன்நெய்யையும் நறவையும் பெற்ற மக்களைப் பொருநராற்றுப்படை காட்டுகிறது. ஒரு நிலத்தில் மிகுந்தது பிறிதொரு நிலத்தில் இல்லாததோடு மாறிக்கொள்ளும் இம்முறையே சந்தையின் வேர் எனலாம்.

மலைச்சந்தையின் இயல்பைப் பொருள்களின் பருவமே வரையறுக்கிறது. மிளகு தை, மாசித் திங்களை ஒட்டி வருகிறது. பலா கோடையை ஒட்டிப் பழுக்கிறது. வாழையும் கீரையும் சிறு அளவில் ஆண்டு முழுதும் கிடைக்கின்றன. எனவே ஒரே குடும்பம் ஒரு பருவத்தில் மூட்டைகளோடும் வேறொரு பருவத்தில் ஒரு கூடையோடும் சந்தைக்கு வரும். சில வாரங்களில் வாராமலும் இருக்கும். விற்பவரே அன்று வாங்குபவராகவும் மாறுவார். பலா விற்ற பணத்தில் உப்பும் எண்ணெயும் துணியும் வாங்கித் திரும்புவது மலைச்சந்தையின் வழக்கம்.

சந்தை தளர்ந்தால் விளைவதும் இங்குக் கண்கூடு. தினை, சாமை, கேழ்வரகு, பனிவரகு ஆகியன பயிரிடப்பட்ட நிலங்கள் பல, கடந்த சில பதிற்றாண்டுகளில் மரவள்ளிக்கு மாறின. மரவள்ளி வயலிலிருந்து சுமையுந்தில் ஏற்றப்பட்டுச் சமவெளியின் சேகோ ஆலைக்குச் செல்வது. அதற்குச் சந்தை தேவையில்லை. சிறுதானியத்திற்கோ சந்தை இன்றியமையாதது. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கொல்லிமலையில் மேற்கொண்ட சிறுதானியப் பாதுகாப்புப் பணிகள் விதையோடு நில்லாமல், மகளிர் குழுக்கள்வழி மதிப்புக்கூட்டல், விற்பனை ஆகியவற்றையும் உள்ளடக்கியமை இதனாலேயே ஆகும். விற்கும் இடம் இல்லாத தானியம் வயலிலும் நெடுநாள் நிலைப்பதில்லை.

இடம்பெயர்ந்த அங்காடிகள்

சென்னை ஜார்ஜ் டவுனின் கொத்தவால் சாவடி, 1996இல் கோயம்பேட்டிற்கு மாற்றப்பட்டது. நெரிசல் மிக்க குறுகிய தெருக்களில் சுமையுந்துகள் நுழைய இயலாமை இம்மாற்றத்தின் காரணம். வணிகர்கள் நெடுங்காலம் தயங்கினும் மொத்த வணிகம் அனைத்தும் ஒருசேர இடம்பெயர்ந்ததால் புதிய அங்காடி நிலைபெற்றது. 2002இல் அதன் அருகே புறநகர்ப் பேருந்து நிலையமும் திறக்கப்பட்டது.

திருச்சிராப்பள்ளியின் நிலை இதற்கு மாறானது. காந்தி சந்தைக்கு மாற்றாக மதுரை நெடுஞ்சாலையில் கள்ளிக்குடியில் ஏறத்தாழ 77 கோடி ரூபாய் செலவில் காய், கனி, பூ ஆகியவற்றுக்கான மைய அங்காடி கட்டப்பட்டு 2017இல் திறக்கப்பட்டது. நகரிலிருந்து தொலைவு, கடைகளின் சிறிய பரப்பு, போக்குவரத்துக் குறைவு ஆகியவற்றைக் காரணம் காட்டி வணிகர்கள் அங்குச் செல்ல மறுத்தனர். கட்டடம் இருந்தது, சந்தை கூடவில்லை.

2020ஆம் ஆண்டின் பெருந்தொற்று இதன் மறுபக்கத்தைக் காட்டியது. அவ்வாண்டு மே மாதம் கோயம்பேடு மூடப்பட்டபோது காய்கறி மொத்த வணிகம் திருமழிசைக்கு மாறியது. திருச்சியின் மொத்த வணிகம் பொன்மலை ஜி கார்னர் திறந்தவெளியில் நடந்தது. வெயில், மழை, சேறு ஆகிய இடர்கள் மிகுந்திருப்பினும் வாங்குவோரும் விற்போரும் ஒரே பொழுதில் ஓரிடத்தில் கூடியதால் அவை சந்தைகளாக இயங்கின. கள்ளிக்குடியில் கட்டடம் இருந்தும் கூடுகை இல்லை. பொன்மலையில் கட்டடம் இன்றியும் கூடுகை இருந்தது.

மதுரையில் பிறிதொரு சிக்கல் தோன்றியது. 17ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் எழுப்பிய புதுமண்டபத்தில் தையற்கலைஞர், நூல் விற்பனையாளர், வளையல், பாத்திர வணிகர் எனப் பலர் நெடுங்காலமாகக் கடை நடத்தி வந்தனர். சிற்பங்களைக் காக்கும் நோக்கில் இக்கடைகள் குன்னத்தூர் சத்திரத்தில் எழுப்பப்பட்ட புதிய வளாகத்திற்கு மாற்றப்பட்டன. கல்லின் மரபைக் காப்பது தேவையே. எனினும், கோயிலுக்கு வருவோர் வழியில் கண்டு வாங்கும் வணிகமும் ஒரு மரபாகும். ஒன்றைக் காக்கும்போது மற்றொன்று இழக்கும் பயனைக் கணக்கில் கொள்ளுதல் வேண்டும்.

நாட்கட்டணமும் மாதவாடகையும்

மறுகட்டுமானத்தில் மிகுதியும் கவனிக்கப்படாதது கட்டணமுறை மாற்றமாகும். பழைய சந்தையில் விற்பவர் வரும் நாளுக்கு மட்டும், கூடை அல்லது மூட்டைக் கணக்கில் சுங்கம் செலுத்துவார். வாராத நாளுக்குக் கட்டணம் இல்லை. புதிய வளாகத்தில் கடைகள் ஏலத்தில் விடப்படுகின்றன. முன்வைப்புத்தொகையும் மாதவாடகையும் கேட்கப்படுகின்றன. நாள்தோறும் கடை திறக்கும் வணிகருக்கு இது பொருந்தும். ஆண்டில் சில வாரங்கள் மட்டும் பலாவோடு இறங்கும் மலைப்பெண்ணுக்கு இது பொருந்தாது. அவரை எவரும் வெளியேற்ற வேண்டியதில்லை, கட்டணமுறையே வெளியேற்றிவிடும். பின்னர் அவர் தம் பொருளைத் தோட்டத்திலேயே இடைத்தரகரிடம் அவர் கூறும் விலைக்குக் கொடுக்க நேரும்.

இதற்கு எதிர்ச்சான்று உழவர் சந்தையாகும். 1999 நவம்பர் 14இல் மதுரையில் தொடங்கப்பட்ட இத்திட்டமும் புதிய கட்டுமானமே. ஆயினும் அதன் உயிர்நிலை கட்டடத்தில் இல்லை. உழவருக்கு அடையாள அட்டை, நாள்தோறும் எழுதப்படும் விலைப்பலகை, இடைத்தரகர் இன்மை என்னும் விதிகளிலேயே அது நிலைபெற்றது. ஆகவே புதியது கட்டுதல் சந்தைக்குப் பகையன்று. எவருக்காக, எந்த விதியோடு கட்டுவது என்பதே கேள்வி.

சட்டத்தின் எல்லை

2014ஆம் ஆண்டின் தெருவோர வணிகர் பாதுகாப்புச் சட்டம், வாங்குவோரும் விற்போரும் மரபாகக் கூடும் இடத்தை ‘இயல்புச் சந்தை’ என வரையறுக்கிறது. 50 ஆண்டுகளுக்கு மேல் வணிகம் நடந்த இயல்புச் சந்தைகள் மரபுச் சந்தைகளாக அறிவிக்கப்பட வேண்டும் என்றும், அங்குள்ள வணிகர் இடம்பெயர்க்கப்படலாகாது என்றும் அதன் அட்டவணை கூறுகிறது. நகர விற்பனைக் குழுவில் 40 விழுக்காட்டிற்குக் குறையாமல் தெருவோர வணிகர் இடம்பெற வேண்டும் என்பதும், அவர்களுள் மூன்றில் ஒரு பங்கினர் பெண்களாக இருக்க வேண்டும் என்பதும் இச்சட்டத்தின் விதிகள்.

கட்டடத்தால் அன்றிக் கூடுகையால் சந்தையை வரையறுக்கும் இச்சட்டம், மதுரைக்காஞ்சியின் பார்வைக்கு நெருங்கி வருகிறது. எனினும் இது நகர உள்ளாட்சிகளை மனங்கொண்டு இயற்றப்பட்டது. கொல்லிமலை முழுதும் கிராம ஊராட்சிகளால் ஆனது. எனவே நகரத்து நடைபாதை வணிகருக்குக் கிடைக்கும் இக்காப்பு, மலைச்சந்தையில் கூடை வைத்திருப்போருக்கு எட்டவில்லை.

ஊராட்சி பொதுச்சந்தை அமைக்கவும் கட்டணம் தண்டவும் 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் வகை செய்கிறது. ஆயினும் சந்தை அமைந்திருப்பது ஓர் ஊராட்சியில். அதைப் பயன்படுத்துவோர் பல நாடுகளைச் சேர்ந்தோர். சந்தை இருக்கும் ஊராட்சியின் கிராமசபை மட்டும் முடிவெடுப்பின், தொலைவிலிருந்து தலைச்சுமையோடு வருவோரின் குரல் பதிவாவதில்லை.

நிறைவுரை

பழைய சந்தைகள் அப்படியே இருத்தல் வேண்டும் என்பது இக்கட்டுரையின் முடிபன்று. மழையில் நனையும் மிளகும், கழிப்பிடம் இன்றி நாள்முழுதும் இருக்கும் பெண்களும், விற்காத பழத்தை மீண்டும் சுமந்து செல்வோரும் மாற்றத்தை வேண்டி நிற்பவர்களே. அவர்களுக்குத் தேவையானவை பூட்டிய கடைகள் அல்ல. மேற்கூரையுடைய திறந்த மேடை, குடிநீர், கழிப்பிடம், நேர்மையான எடைக்கருவி, ஓரிரவு பொருள் வைக்கும் கிடங்கு, சந்தை கலையும் பொழுதில் புறப்படும் பேருந்து ஆகியனவாகும்.

இவற்றோடு நாட்கட்டண முறை தொடர்தல் வேண்டும். சந்தையைப் பயன்படுத்தும் நாடுகள் அனைத்தின் கிராமசபைகளிலும் திட்டம் முன்வைக்கப்படுதல் வேண்டும். கட்டுமானக் காலத்தில் சந்தை கூடுவதற்குரிய மாற்றிடம் அருகிலேயே அமைதல் வேண்டும். ஒருமுறை கலைந்த கூடுகை மீண்டும் கூடும் என்பதற்கு உறுதியில்லை. புகார் நகரத்து நாளங்காடிக்கு மரங்களே கால்களாக நின்றன. கொல்லிமலைச் சந்தைக்குக் கற்காரைத் தூண்கள் எழலாம். அத்தூண்களுக்கு இடையே, ஆண்டிற்கு ஒருமுறை பலாவோடு வருபவருக்கும் கூடை இறக்கி வைக்க இடம் இருக்குமாயின், அது சந்தையாகவே நிலைக்கும்.