இரு நூலகங்களும் ஒரு பேரரசியும்

ஓர் எழுத்தாளர் மறைந்தபின் அவர் எழுதிய நூல்களைப் பேணவேண்டும் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. ஆனால், அவர் வாங்கிப் படித்த நூல்களை என்ன செய்வது? அவை பிறர் எழுதியவை, கடையிலும் கிடைப்பவை. பொது நூலகம் ஒன்றிற் சேர்த்து, பொருளுக்கேற்பப் பிரித்துத் தட்டுகளில் அடுக்கிவிட்டாற் போதாதா? இவ்வினாவிற்கு விடை காண்பதற்குப் பதினெட்டாம் நூற்றாண்டிலே பிரான்சு தேசத்தில் வாழ்ந்த இருவருடைய நூல்கள் அடைந்த கதியை நோக்குவோம். ஒருவர் டிடெரோ, மற்றவர் வால்டேர். இருவரும் தத்துவ ஞானிகள், இருவரும் கதையாசிரியர்கள். இருவருடைய நூல்களையும் விலைகொடுத்து வாங்கியவரும் ஒருவரே. ருஷ்ய நாட்டுப் பேரரசி இரண்டாம் கதரீன். எனினும் ஒருவருடைய நூல்கள் இன்றும் ஓரிடத்திற் கூடியிருக்கின்றன. மற்றவருடைய நூல்கள் கூட்டம் கலைந்து போயின.

முதலில் டிடெரோவின் வரலாற்றைக் கேளுங்கள். 1713ஆம் ஆண்டிலே கத்தி செய்யும் தொழிலாளர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர் அவர். மனிதர் அறிந்த கலைகளையும் கைத்தொழில்களையும் ஒருங்கு தொகுத்துக் கூறும் பெரிய கலைக்களஞ்சியத்தின் ஆசிரியராக விளங்கியவர். 1751இல் முதற் தொகுதி வெளிவந்த அப்பணி, படத் தொகுதிகளுஞ் சேர்ந்து 28 தொகுதிகளாக 1772இலேதான் நிறைவெய்தியது. இத்துணை உழைத்தும் அவர் கையில் பொருள் சேரவில்லை. வளர்ந்துவரும் மகள் ஒருத்தி வீட்டில் இருந்தாள். அவளுக்குச் சீதனம் தேடவேண்டும். பெண்ணைப் பெற்ற நம் நேயர்களுக்கு அக்கவலையை நான் விளக்க வேண்டியதில்லை. விற்பதற்கு அவரிடம் இருந்தவை அவருடைய நூல்களே. 1765இல் அவற்றை விற்பதெனத் துணிந்தார்.

செய்தி ருஷ்யப் பேரரசிக்கு எட்டியது. அவர் அந்நூல்களை 15,000 லீவருக்கு வாங்கினார். லீவர் என்பது அக்காலப் பிரெஞ்சு நாணயம். வாங்கியவர், நூல்களை எடுத்துச்செல்லவில்லை. டிடெரோ உயிரோடிருக்கும்வரை அவை அவர் வீட்டிலேயே இருக்கவேண்டும் என்றும், அவரே தம் நூலகராக இருந்து அவற்றைக் காக்கவேண்டும் என்றும், அதற்கு ஆண்டுதோறும் 1,000 லீவர் சம்பளம் தருவதாகவும் பணித்தார். தம் நூல்களைத் தாமே காப்பதற்குச் சம்பளம் பெற்றவர் உலகில் மிகச் சிலராகவே இருப்பர். பின்னர் அச்சம்பளம் ஒழுங்காக வந்துசேரவில்லை. அதனை அறிந்த பேரரசி, இனி அவ்வாறு நேராதிருக்க 50 ஆண்டுச் சம்பளத்தை ஒருங்கே முற்பணமாக அனுப்பிவிட்டார். டிடெரோவுக்கு அப்பொழுது ஐம்பது வயது கடந்திருந்தது. நூறு வயதைத் தாண்டி வாழ்ந்தாலன்றி அக்கடன் தீராது! 1773இல் நெடும்பயணம் மேற்கொண்டு, சென் பீட்டர்ஸ்பர்க் நகருக்கே சென்று நன்றி செலுத்தி வந்தார்.

1784இல் டிடெரோ காலமானார். மறுஆண்டு, ஏறத்தாழ மூவாயிரம் நூல்களும், அவர் எழுதியவற்றின் கையெழுத்துப் படிகளும் ருஷ்யாவிற்குச் சென்றன. அங்கே அரண்மனையிலிருந்த பிற நூல்களோடு அவையும் கலந்துவிட்டன. இன்ன நூல்கள் டிடெரோவுடையவை என்று காட்டும் பட்டியல் எதுவும் எஞ்சவில்லை. படிக்கும்போது ஓரங்களிலே குறிப்பெழுதும் பழக்கம் உடையவர் அவர். அக்கையெழுத்தைக் கொண்டே அறிஞர்கள் ஒவ்வொரு நூலாகத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று. களவாடியவர் எவருமில்லை, எரித்தவர் எவருமில்லை. ஒழுங்காகத் தட்டுகளில் வைக்கப்பட்டே அந்நூலகம் மறைந்தது என்பதனை நாம் கவனித்தல் வேண்டும்.

அவர் எழுதிய கதைகளின் நிலையும் இதனின் வேறன்று. ‘ராமோவின் மருமகன்’ என்னும் அவருடைய சிறந்த படைப்பு அவர் வாழ்நாளில் அச்சேறவில்லை. சென் பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து வந்த படியொன்றைக் கொண்டு ஜெர்மானியப் பெருங்கவி கேதே செய்த மொழிபெயர்ப்பே 1805இல் முதலில் உலகிற்கு வெளிப்பட்டது. டிடெரோவின் கைப்படவே எழுதிய மூலம், 1890இல், பாரிஸ் ஆற்றங்கரையிற் பழைய புத்தகம் விற்பவர் ஒருவரிடம் தற்செயலாகக் கிடைத்தது.

இனி வால்டேரின் நூலகத்திற்கு வருவோம். 1694இற் பிறந்து 1778இல் மறைந்த வால்டேர், 1759இல் வெளிவந்த ‘கான்டீட்’ என்னும் தத்துவக் கதையால் இன்றும் எங்கும் அறியப்படுகிறார். வாழ்வின் இறுதி இருபது ஆண்டுகளில் பெரும்பகுதியைச் சுவிற்சர்லாந்து எல்லைக்கு அண்மையிலுள்ள ஃபெர்னே என்னும் சிற்றூரிற் கழித்தார். அங்கேதான் அவருடைய நூல்கள் இருந்தன. பேரரசி கதரீன் பல்லாண்டு அவரோடு கடிதத் தொடர்பு கொண்டிருந்தவர். அவர் மறைந்த செய்தி கேட்டதும், மருமகளான மதாம் தெனி அம்மையாரிடமிருந்து நூல்களை வாங்கினார். அம்முறை அவர் கொடுத்த விலை 135,000 லீவருக்கும் மேற்பட்டது. ஃபெர்னே மாளிகையைப் போன்றே ஒரு மாளிகை ருஷ்யாவில் எழுப்பி, அதில் அந்நூல்களை வைக்கவும் எண்ணினார். மாளிகையின் மாதிரியுருவும் கொண்டுவரப்பட்டது. ஆனால் அம்மாளிகை கட்டப்படவில்லை.

மாளிகை எழாவிடினும் நூல்கள் பிழைத்தன. அதற்குக் காரணமானவர் வாக்னியேர் என்பவர். பல்லாண்டு வால்டேரின் செயலாளராயிருந்தவர். 1779இல் அவர் நூல்களோடு தாமும் சென் பீட்டர்ஸ்பர்க் சென்று, ஃபெர்னேயில் எவ்வாறு இருந்தனவோ அவ்வாறே அவற்றை அடுக்கிக் கொடுத்தார். 6,814 தொகுதிகள் கொண்ட அந்நூலகம் 1861இல் அரண்மனையிலிருந்து அந்நகரத்துப் பொது நூலகத்திற்கு மாற்றப்பட்டது. அங்கும் கலைக்கப்படவில்லை. இன்றைய ருஷ்யத் தேசிய நூலகம் அதுவே. ஓரிடத்தில் ஒழுங்காக இருந்தமையால், 1961இல் அந்நூலகத்திற்கு முழுமையான பட்டியல் வெளியிட முடிந்தது.

அந்நூல்களைத் திறந்து பார்ப்பவர்க்கு வால்டேர் படிக்கும் முறை கண்ணெதிரே தோன்றும். நூல்களுக்கு அவர் காட்டிய மரியாதை சிறிது வேறுவிதமானது! வேண்டிய பக்கங்களைப் பிய்த்தெடுத்து, பிறவற்றோடு சேர்த்துப் புதிதாகக் கட்டமைத்துக் கொள்வார். ஓரங்களில் வாதிடுவார், ஏளனஞ் செய்வார். ரூசோவின் நூல்களின் ஓரங்களில் அவரோடு நேரே சண்டையிடுவது போலவே எழுதிவைத்தார். எழுத நேரமில்லாதவிடத்துக் காகிதத் துண்டொன்றைச் செருகிவைப்பார், அல்லது பக்கத்தின் மூலையை மடிப்பார். சமயத்தைக் கடுமையாகத் தாக்கிய அவர், சமய நூல்களை எவ்வளவு வாங்கிப் படித்திருந்தார் என்பதும் அங்கே தெரியவரும். எதிர்ப்பதற்கு முன் கற்கவேண்டும் என்பதனை அவர் அறிந்திருந்தார்.

இக்குறிப்புகளை மட்டும் தொகுத்து அச்சிடும் பணி 1979இல் தொடங்கி 2018இலேதான் முடிவுற்றது. நாற்பதாண்டு உழைப்பு! வால்டேர் எழுதிய நூல் அவருடைய முடிவைக் கூறும். அவர் படித்த நூலின் ஓரமோ அம்முடிவிற்கு அவர் வந்துசேர்ந்த வழியைக் கூறும். எந்தப் பக்கத்தில் நின்றார், எதனை ஐயுற்றார், எதனை ஐயுறாமல் ஏற்றார் என்பவற்றை வேறெங்கும் அறிய இயலாது.

ஐயுறாமல் ஏற்றது என்றேன். அதற்கும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. அது தமிழ்நாட்டோடு தொடர்புடையது. 1760இல், இந்தியாவிலிருந்து திரும்பிய பிரெஞ்சுக்காரர் ஒருவர், ‘எசூர்வேதம்’ என்னும் பெயர்கொண்ட பிரெஞ்சுக் கையெழுத்துப் பிரதி ஒன்றை வால்டேருக்கு அளித்தார். அது பண்டை இந்திய வேதத்தின் மொழிபெயர்ப்பு என்று அவர் நம்பினார். மறுஆண்டு அதனைப் பாரிஸ் அரச நூலகத்திற்குக் கொடுத்தார். தம் எழுத்துகளிலும் அதனைச் சான்றாகக் காட்டினார். பின்னர், திருக்குறளுக்கு உரை வரைந்தவரும், தென்னிந்திய மொழிகள் ஓரினத்தவை என்று 1816இலேயே எடுத்துக்காட்டியவருமான எல்லிஸ் துரை, புதுச்சேரியிலே கிறித்தவப் பாதிரிமாரின் பழைய ஏடுகளை ஆராய்ந்தார். அவற்றினிடையே அதே ‘எசூர்வேதம்’ இருந்தது. ஏனைய வேதங்களின் பெயரால் அதே பாங்கில் எழுதப்பட்ட பிரதிகளும் உடனிருந்தன. அனைத்தையும் ஒப்புநோக்கிய எல்லிஸ், அது வேதமன்று, பாதிரிமார் இயற்றியதே என்று நிறுவினார். அவர் மறைந்தபின், 1822இல் அக்கட்டுரை வெளியாயிற்று. அவ்வேடுகள் ஆளுக்கொன்றாகப் பிரிந்து போயிருந்தால் அவ்வுண்மை அவ்வளவு எளிதில் வெளிப்பட்டிருக்குமா? தனித்த ஏடு ஏமாற்றியது. கூடிக்கிடந்த ஏடுகள் உண்மையைக் கூறின.

இவ்வளவும் பேரரசிகளும் பெருஞ்செல்வரும் செய்யக்கூடியன, நமக்கு இதனால் ஆவதென்ன என்று சிலர் எண்ணலாம். என் பிழையொன்றைக் கூறுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன், இளைப்பாறிய தமிழாசிரியர் ஒருவர் காலமானார். அவர் பிள்ளைகள் அவருடைய நூல்களை எமது பாடசாலைக்கு அன்பளிப்புச் செய்தனர். நான் பெருமகிழ்ச்சியுடன் ஏற்றேன். மாணவர் சிலரை அமர்த்தி, ஓரங்களிலிருந்த பென்சில் எழுத்துகளை அழிப்பித்தேன். இடையிற் கிடந்த காகிதத் துண்டுகளை உதறி எறியச் செய்தேன். பாடசாலை முத்திரை இட்டு, பாடவாரியாகப் பிரித்து வைத்தேன். நூல்களுக்கு நன்மை செய்ததாகவே எண்ணினேன். சில மாதங்களின் பின் அவ்வாசிரியரின் பழைய மாணவர் ஒருவர் வந்தார். “ஐயா நன்னூலுக்குச் சொன்ன விளக்கமெல்லாம் புத்தக ஓரத்திலே எழுதிவைத்திருந்தார். ஒருமுறை பார்க்கலாமா, அதிபர்?” என்று கேட்டார். நன்னூலை எடுத்துக் கொடுத்தேன். ஓரங்கள் மிகத் தூய்மையாக இருந்தன. அவர் ஒன்றும் கூறாமல் சற்றுநேரம் புரட்டிப் பார்த்துவிட்டு, நூலை என்னிடமே தந்து சென்றார்.

எல்லா நூல்களையும் எக்காலத்திற்கும் காத்தல் இயலாது. இடமும் போதாது, கறையானும் பொறுக்காது. ஆயினும் இயல்வன சில உள. ஒருவருடைய நூல்கள் கைக்கு வரும்போது, கலைப்பதற்கு முன் பட்டியல் ஒன்று எழுதுங்கள். இடவசதி இருப்பின் அவற்றை ஒரே தட்டில் வையுங்கள். இல்லையேல் ஒவ்வொரு நூலிலும் உடையவர் பெயரைக் குறித்துவிடுங்கள். ஓர எழுத்தை அழியாதீர்கள். செருகிய துண்டை எடுக்காதீர்கள். புதிதாகக் கட்டுவிக்கும்போது ஓரத்தை வெட்டவிடாதீர்கள். இதற்கு ஓர் அப்பியாசக் கொப்பியும் இரண்டு மாலைப் பொழுதும் போதும். டிடெரோவின் நூல்களுக்கு ஒரு பேரரசியின் பொருள் கிடைத்தது, பட்டியல் நிலைக்கவில்லை. வால்டேரின் நூல்களுக்கோ, அவற்றின் இடமறிந்த வாக்னியேர் உடன்சென்றார். எமது பாடசாலையில் இப்பொழுது அத்தகைய கொப்பி ஒன்று இருக்கிறது. அதன் முதற்பக்கத்தில், அந்த ஆசிரியருடைய நூல்களுள் இனங்காண முடிந்தவற்றின் பெயர்களை நானே எழுதிவைத்திருக்கிறேன்.