பாதை தாழ்ந்தால் முதலில் தண்ணீரைப் பாருங்கள்

ஹட்டன், நுவரெலியா தோட்டங்களில் லயத்து வாசலிலிருந்து பீலிக்கும் மரக்கறித் தோட்டத்துக்கும் இறங்கும் கற்பாதையை நாம் எல்லோரும் அறிவோம். தண்ணீர்க் குடத்தோடும் விறகுக் கட்டோடும் எமது பெண்கள் தினமும் நடக்கும் பாதை அது. ஒரு கல் ஆடினாலும் கால் முறியும்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வீசியபோது மலைநாட்டில் பல இடங்களில் மண் சரிந்தது. எத்தனையோ குடும்பங்கள் வீட்டையும் தோட்டத்தையும் விட்டு வெளியேறின. திரும்பிப் போகிறவர்களுக்கும் புதிய இடத்தில் குடியேறுகிறவர்களுக்கும் பாதை திருத்துவது முதல் வேலைகளில் ஒன்று.

நாங்கள் தோட்டமொன்றில் இந்த வேலையைச் செய்தபோது முதல் தடவை தவறு விட்டோம். தாழ்ந்த இடத்தில் மண் நிரப்பி, கல்லை அதன்மேல் வைத்தோம். அடுத்த மழையோடு கல் பழையபடி தாழ்ந்தது. கல்லுக்கு அடியில் ஓடிய தண்ணீர் மண்ணை அரித்துச் சென்றதே காரணம். தேயிலை மலையில் கான் வெட்டுவது எதற்காகவோ, அதற்காகவே பாதைக்கும் கான் வேண்டும் என்பதை அன்று கற்றுக்கொண்டோம்.

இரண்டாம் தடவை செய்த முறை இது:

1. மேட்டுப் பக்கத்தில், பாதையின் ஓரமாகக் கான் வெட்டினோம். தண்ணீர் போய் விழும் இடத்தில் கல் அடுக்கினோம்.

2. அலவாங்கால் கற்களைக் கிளப்பி, எடுத்த ஒழுங்கிலேயே ஓரமாக வைத்தோம்.

3. ஆறு அங்குலம் தோண்டி, வேரையும் கறுப்பு மண்ணையும் அகற்றினோம். நான்கு அங்குலத்துக்கு உடைகல் போட்டு நன்றாக இடித்தோம். அதன்மேல் இரண்டு அங்குலம் கல்தூள் பரப்பினோம்.

4. தெளிவான பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பி மட்டம் பார்த்தோம். குழாயில் காற்றுக்குமிழ் இருந்தால் மட்டம் பிழைக்கும். நான்கு அடி அகலப் பாதைக்குக் கான் பக்கமாக ஒரு அங்குலச் சரிவு போதும்.

5. பெரிய கற்களைப் பள்ளப் பக்க ஓரத்தில் பதித்தோம். இடைவெளிகளைக் கல்தூளால் நிரப்பினோம். பள்ளப் பக்கத்து மண்ணைப் பிடிக்க வெட்டிவேர் நட்டோம்.

மேற்குச் சரிவுகளில் மழை குறைந்த ஜனவரி முதல் மார்ச் வரையான காலம் இவ்வேலைக்கு ஏற்றது. பின்னர் ஒவ்வொரு பெருமழைக்குப் பிறகும் கானில் அடைத்த இலையையும் மண்ணையும் அள்ளிவிட வேண்டும்.

இவ்வளவும் செய்த பின்னரும் பாதை அதே இடத்தில் தாழ்ந்தால் என்ன செய்வது? மறுபடி கல்லைக் கிளப்பாதீர்கள். சுற்றிலும் பாருங்கள். நிலத்தில் நீளமான வெடிப்பு இருக்கிறதா? மரமோ கம்பமோ சாய்ந்திருக்கிறதா? புதிதாக ஊற்றுக் கிளம்பிக் கலங்கிய தண்ணீர் வருகிறதா? அப்படியானால் நகர்வது பாதை மட்டுமல்ல, மலையே நகர்கிறது. வெடிப்பைச் சீமெந்து பூசி மறைப்பது ஆபத்தை மறைப்பதாகும்.

பதுளை மாவட்டத்தின் கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை லயங்கள் மண்ணுக்குள் புதைந்ததை நாம் மறக்கவில்லை. அந்த இடம் ஆபத்தானது என்று முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. ஆனால் எச்சரிக்கை மட்டும் ஒரு குடும்பத்தைக் காப்பாற்றாது; போய் இருக்க ஓர் இடமும் வேண்டும்.

ஆகவே இத்தகைய அடையாளங்களைக் கண்டால் கிராம உத்தியோகத்தருக்கும் தோட்ட நிர்வாகத்துக்கும் எழுத்தில் அறிவியுங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வந்து நிலத்தைப் பரிசோதிக்க வேண்டுமென ஒன்றாகச் சேர்ந்து கேளுங்கள். மழை பெய்துகொண்டிருந்தால் காத்திருக்க வேண்டாம். பிள்ளைகளையும் முதியோரையும் அழைத்துக்கொண்டு முதலில் வெளியேறுங்கள். பின்னர் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117ஆம் இலக்கத்துக்கு அறிவியுங்கள்.

பாதையைத் திருத்துவது எமது கைவேலை. பாதுகாப்பான நிலத்தைக் கேட்பது எமது உரிமை. இரண்டையும் அயலவரோடு சேர்ந்தே செய்வோம்.