முள் இன்னும் டயரில்தான் இருக்கிறது

ராமநாதபுரம் மாவட்டத்துச் சாலைகளில் சைக்கிள் மிதிப்பவர்களுக்குச் சீமைக் கருவேல முள்ளை யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. வெட்டிப்போட்ட கிளை சாலையோரம் காய்ந்து கிடக்கும். அதிலிருந்து உதிர்ந்த ஒரு முள் போதும். பின்சக்கரம் தொளதொளவென்று ஆடும், ரிம் தரையில் தட்டும். பஞ்சர் கடையோ எங்கோ அடுத்த ஊரில்.

பையில் புது ட்யூப் வைத்திருப்பவர் அவசரமாக அதை மாட்டிக் காற்றடித்துக் கிளம்புவார். அரை கிலோமீட்டரில் அதுவும் போய்விடும். மாறியது ட்யூப்தான், முள் டயரிலேயே குத்திக்கொண்டு நிற்கிறது.

பஞ்சர் கடை அண்ணன் எப்படித் தொடங்குகிறார் என்று கவனித்தால் பாதி பாடம் முடிந்துவிடும். டயரில் அவர் முதலில் கை வைப்பதில்லை. காற்றை அடித்துவிட்டு, வால்வு வாயில் கொஞ்சம் எச்சில் தொட்டு வைப்பார். குமிழி வந்தால் அது பஞ்சரே இல்லை. சாதாரண சைக்கிளின் வால்வுக்குள் இருக்கும் பொடி ரப்பர் குழாய், அதாவது வால்டியூப், நைந்திருக்கும். மாற்ற ஒரு நிமிடம்.

குமிழி வரவில்லையென்றால் லிவரை எடுப்பார். அப்போதும் சக்கரத்தைக் கழற்றமாட்டார். டயரின் ஒரு பக்க விளிம்பை மட்டும் ரிம்முக்கு வெளியே நெம்பி, ட்யூபை உருவிவிடுவார். புது ட்யூப் மாட்டத்தான் சக்கரத்தைக் கழற்ற வேண்டும், ஒட்டுப்போடுவதற்கு வேண்டாம். செயின் கவரையும் மட்கார்டையும் தொடாத இந்த வித்தையில் இன்னொரு லாபமும் உண்டு. வால்வு ரிம்மிலேயே நிற்கிறது. அதனால் ட்யூபில் ஓட்டை எங்கே இருக்கிறதோ, அதற்கு நேராக டயரில் முள் இருக்கும்.

நடுவழியில் தண்ணீர்த் தொட்டிக்கு எங்கே போவது? காற்றடித்த ட்யூபைக் கன்னத்தருகே மெல்ல நகர்த்தினால் போதும், சில்லென்று தெரியும்.

ஓட்டை இருக்கும் பக்கமே குற்றவாளியைக் காட்டிக்கொடுக்கும். தரையைப் பார்த்த பக்கம் என்றால் முள், ஆணி, கண்ணாடிச் சில்லு. ரிம்மைப் பார்த்த பக்கம் என்றால் உள்ளே ஸ்போக் முனை நீட்டிக்கொண்டிருக்கலாம். பாம்பு கடித்ததுபோல் அருகருகே இரண்டு ஓட்டைகள் என்றால் முள்ளைத் தேடவே வேண்டாம். காற்றுக் குறைந்த சக்கரம் குழியில் இறங்கி, ரிம்மே ட்யூபை நசுக்கியிருக்கிறது. மற்றபடி டயரின் உட்புறத்தைத் துணியால் தடவிப் பார்ப்பது நல்லது. உடைந்த கருவேல முள் வெளியே தெரியாது. உள்ளே மட்டும் முனை காட்டும். வெறும் விரலால் தேடியவர்கள் மறுமுறை துணி எடுத்துவருவார்கள்.

ஒட்டும் வேலையில் பொறுமைதான் மருந்து. உப்புத்தாளில் தேய்த்து, சொலூஷனை மெல்லியதாகத் தடவி, பளபளப்பு அடங்கும்வரை 5 நிமிடம் காத்திருக்க வேண்டும். ஈரத்தோடு பேட்சை வைத்தால் கரைப்பான் அடியில் சிக்கி, ஒட்டு எழும்பிவிடும். வாயால் ஊதினால் மூச்சின் ஈரம்தான் சேரும்.

அந்த 5 நிமிடம் கசப்பவர்களுக்கு 1889இல் நடந்த ஒரு கதை இருக்கிறது. பிரான்ஸில் மிச்செலின் சகோதரர்களின் ரப்பர் ஆலைக்கு, டன்லப் டயர் பஞ்சராகி ஒருவர் வந்து நின்றார். அன்றைய டயர் ரிம்மோடு பசை போட்டு ஒட்டியது. பிரித்துச் சரிசெய்ய மூன்று மணி நேரம், பசை காய ஒரு ராத்திரி. மறுநாள் எடுவார் மிச்செலின் ஓட்டிப் பார்த்தார்; சில நூறு மீட்டரில் மறுபடியும் காற்றுப் போனது. கழற்றி மாட்டக்கூடிய டயரை 1891இல் அவர்கள் கொண்டுவந்ததற்கு அந்த எரிச்சலும் ஒரு காரணம்.

டயரே கிழிந்திருந்தால்? மடித்த பத்து ரூபாய் நோட்டைக் கிழிசலுக்கும் ட்யூபுக்கும் நடுவே வைத்து, காற்றைக் கொஞ்சம் குறைவாக அடித்தால் மெதுவாக வீடு வந்து சேரலாம். அந்த நோட்டு பிறகு செல்லுமா என்பது டீக்கடைக்காரரின் மனதைப் பொறுத்தது.