சென்னையின் தென்வாசல்

சென்னை மாநகரின் தென்வாசல் எது என்று கேட்டால், ஜி.எஸ்.டி. சாலை என்று சிறு பிள்ளையும் சொல்லும். கிராண்ட் சதர்ன் டிரங்க் ரோடு என்பதன் சுருக்கமே இப்பெயர். கத்திப்பாராவிலிருந்து பரங்கிமலை, மீனம்பாக்கம், பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம், வண்டலூர் வழியாகச் செங்கல்பட்டை நோக்கி இது செல்கிறது. புனித தோமையார் உயிர்நீத்த இடமென்று மரபு கூறும் மலை இதன் அருகில் உள்ளது. 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபூட் பழங்கற்காலக் கருவியைக் கண்டெடுத்த பல்லாவரமும் இவ்வழியில்தான் இருக்கிறது.

கத்திப்பாராவில் 2008-ல் திறக்கப்பட்ட மேம்பாலம் இதழ்கள் விரிந்த பூவைப் போன்றது. வலப்பக்கம் திரும்ப வேண்டிய வண்டி எதிர்வரும் வண்டிகளைக் குறுக்கிடுவதில்லை. நேரே சந்திப்பைக் கடந்து, இடப்பக்கமாக வளைந்து சுற்றி, வேண்டிய சாலையில் சேர்ந்துவிடுகிறது.

வண்டிகளுக்கு இவ்வளவு யோசித்தோம். நடப்பவர்களுக்கு?

1931-ல் தாம்பரம் வரை மின்சார ரயில் வந்தது. இருப்புப்பாதையும் இச்சாலையும் அருகருகே செல்வதால், இடையிலுள்ள ஊர்கள் இரண்டாகப் பிரிந்து கிடக்கின்றன. வீடு ஒருபுறம், கடைத்தெரு மறுபுறம். நடைமேம்பாலத்தில் ஏற முழங்கால் இடங்கொடுக்காத பாட்டி, கூடையுடன் வண்டிகளுக்கிடையே ஓடுகிறார். நாமோ பேருந்தில் அமர்ந்தபடி, "என்ன அவசரமோ!" என்கிறோம்.

தொலைதூர ஊர்களை இணைக்கும் சாலை, எதிரெதிர் வீடுகளையும் இணைக்க வேண்டாமா? அதற்கு வழி பிறக்கும்வரை, வண்டி ஓட்டும் நம் பெற்றோரிடம் வேகத்தைக் குறைக்கச் சொல்வோம். பாட்டியின் கூடையை வாங்கிக்கொண்டு, படியேற ஒரு கை கொடுப்போம்.