வெண்கலக் குதிரைவீரன்

லண்டன் ஹைட் பார்க்கில் உள்ள குதிரைப்படை நினைவுச் சின்னம் 1924-ல் திறக்கப்பட்டது. முதல் உலகப் போரில் மாண்ட குதிரைப்படையினருக்கானது அது. கவசம் பூண்ட புனித ஜார்ஜ் வாளை உயர்த்திக் குதிரைமேல் அமர்ந்திருக்கிறார். காலடியில் வெட்டுண்ட டிராகன். பீடத்தைச் சுற்றிக் குதிரைவீரர்கள் பாய்ந்தோடுகிறார்கள். போரில் பிடிபட்ட பீரங்கிகளை உருக்கிய வெண்கலம் இது.

வடித்தவர் ஏட்ரியன் ஜோன்ஸ். இராணுவத்தில் கால்நடை மருத்துவராக இருந்தவர். எலும்பும் தசையும் எங்கே இழுபடும் என்பது கைப்பழக்கமாகவே தெரிந்த ஆள்; அவர் குதிரைகளின் உயிர்ப்புக்கு அதுவே காரணம் எனலாம்.

குதிரைவீரன் சிலை என்றதும் சென்னை மன்றோ சிலை நினைவுக்கு வரலாம். சிற்பி சான்ட்ரி வடித்து 1839-ல் நிறுவப்பட்ட அதில் சேணமும் இல்லை, அங்கவடியும் இல்லை. அவற்றை அவர் மறந்துவிட்டார் என்பது ஊர்க்கதைதான். லண்டனில் அவர் செய்த நான்காம் ஜார்ஜ் சிலையும் அப்படியே.

வீட்டில் வைக்கும் சிறு வெண்கலக் குதிரைவீரனை வாங்குவோர் கையொப்பத்தையும் வார்ப்பகத்தின் முத்திரையையும் முதலில் பார்க்க வேண்டும். ஆனால் ஹைட் பார்க்கில் ஜோன்ஸின் குதிரையைப் பார்க்கக் காசு வேண்டாம். ஹைட் பார்க் கார்னர் ரயில் நிலையத்தில் இறங்கினால் நடைதூரம்.