பூனைக்கு எத்தனை யூனிட்?

பர்மாவிலிருந்து வோங் மாவ் என்ற சின்னப் பழுப்புப் பெண்பூனை 1930இல் சான் பிரான்சிஸ்கோவில் ஜோசப் தாம்சன் என்ற மருத்துவரின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. வெளிநாடுகளில் இன்று ‘பர்மீஸ்’ என்று பெருமையாக வளர்க்கப்படும் இனத்துக்கு அவள்தான் மூதாய். ஆஸ்திரேலியாவிலும் பிரிட்டனிலும் இந்த இனத்துக்குச் சர்க்கரை நோய் மற்றப் பூனைகளைவிட மூன்று மடங்குக்கும் மேலாக வருகிறது. ஆஸ்திரேலிய ஆய்வுகள் ஏறக்குறைய 50 பர்மீஸ் பூனைகளில் ஒன்றுக்கு இந்த நோய் என்கின்றன.

யாங்கோன் டீக்கடை வாசலிலும் மீன் சந்தையிலும் திரியும் பூனைகள் அந்த வளர்ப்பு வம்சம் அல்ல. அதனால் அவை தப்பித்துவிட்டன என்று அர்த்தமில்லை. அனோரதா சாலைக் காளி கோயிலைச் சுற்றியுள்ள மாடிவீடுகளில் அடைபட்டு, சோறு தின்று கொழுத்து, ஏழெட்டு வயதைத் தாண்டிய கருத்தடை செய்த கடுவனுக்கு இனம் எதுவானாலும் சர்க்கரை வரலாம். தண்ணீர்க் கிண்ணம் அடிக்கடி காலியாகும். மண்தட்டு நனைந்தே கிடக்கும். நன்றாகத் தின்றும் உடம்பு இளைக்கும். சில பூனைகள் பின்னங்கால் குதி தரையில் பட நடக்கும். சோற்றைக் குறைத்து மீனையும் இறைச்சியையும் கூட்டுவது வைத்தியத்தில் பாதி. ஆனால் இன்சுலின் ஊசி தொடங்கிய பிறகு, மருத்துவரைக் கேட்காமல் உணவைத் திடீரென்று மாற்றக் கூடாது.

இன்சுலினைப் பெரும்பாலும் 12 மணி நேர இடைவெளியில், நாளுக்கு இரண்டு வேளை போடச் சொல்வார்கள். தொடக்க அளவு பல பூனைகளுக்கு வேளைக்கு ஒரு யூனிட்தான். பிடரியிலோ விலாப்பக்கத்திலோ தோலைத் தூக்கிப் பிடித்துக் குத்தினால் பூனை சாப்பிட்டுக்கொண்டே இருக்கும். பயப்பட வேண்டியது ஊசிக்கு அல்ல, சிரிஞ்சில் அச்சிட்ட எண்ணுக்கு.

இன்சுலின் குப்பிகள் பெரும்பாலும் இரண்டு வலுவில் வருகின்றன: மில்லிலிட்டருக்கு 40 யூனிட், 100 யூனிட். இந்தியாவில் மனிதர்களுக்கான குப்பிகளில் 40 இன்றும் சகஜம். பேனாக்களில் வருவது பெரும்பாலும் 100. கால்நடைக்கென்றே வரும் கேனின்சுலின் 40. சிவப்பு மூடி சிரிஞ்சு 40-க்கு, ஆரஞ்சு மூடி 100-க்கு என்பது வழக்கம். 100 வலு மருந்தை 40 சிரிஞ்சில் ஒரு யூனிட் கோடு வரை இழுத்தால் உள்ளே போவது இரண்டரை யூனிட். எண்பது கிலோ மனிதருக்கு ஒன்றரை யூனிட் கூடினால் தாங்குவார். நாலு கிலோ பூனைக்கு அது உயிர்ப் பிரச்சினை. பாட்டிக்கு வாங்கிய குப்பியிலிருந்து பூனைக்கும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும் சிக்கனம் வேண்டவே வேண்டாம்.

கூட்டுக் குடும்பத்தில் இன்னொரு ஆபத்து உண்டு. அம்மா போட்ட ஊசியை அறியாமல் அண்ணனும் போடுவான். காலண்டரில் குறித்துவையுங்கள். போட்டாயிற்றா என்று சந்தேகம் வந்தால் போடாதீர்கள். ஒரு வேளை தவறினால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. பூனை சாப்பிடாமல் கிடந்தாலோ வாந்தி எடுத்தாலோ மருத்துவரைக் கேட்காமல் வழக்கமான அளவைப் போடக் கூடாது. தள்ளாட்டம், சோர்வு, வலிப்பு என்றால் சர்க்கரை தாழ்ந்துவிட்டது என்று கொள்ளுங்கள். ஈறில் தேனையோ குளுக்கோஸ் கரைசலையோ தடவிவிட்டு மருத்துவரிடம் ஓடுங்கள். மயங்கிய பூனையின் வாயில் ஊற்றினால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும்.

மருத்துவமனை மேசையில் பயந்த பூனைக்குச் சர்க்கரை தானாக ஏறும். ஆகவே காதோரத்தில் குத்தி வீட்டிலேயே பார்ப்பது நல்லது. மனிதர் மீட்டர் பூனை ரத்தத்தில் சற்றுக் குறைத்தே காட்டும் என்பதை நினைவில் வையுங்கள். ஒருநாள் எண்ணைக் கண்டு பதறி மருந்தைக் கூட்டுவது மகா தவறு.

2021 ராணுவ ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பின் மருந்து இறக்குமதியும் மின்சாரமும் தடுமாறும் யாங்கோனில், குப்பியைக் காப்பது தனி வேலை. திறக்காத குப்பிக்கு 2 முதல் 8 டிகிரி வேண்டும். கரண்ட் போனால் பிரிட்ஜைத் திறக்காதீர்கள். ஐஸ் பெட்டியில் வைத்தால் துணி சுற்றுங்கள். ஒருமுறை உறைந்த இன்சுலின் குப்பைக்குத்தான்.

சீக்கிரம் கண்டுபிடித்துச் சரியாகப் பார்த்தால் பல பூனைகளுக்கு இன்சுலின் தேவையே சில மாதங்களில் நின்றுபோகிறது. அப்போது பழைய அளவே அதிக அளவாகிவிடும். ரத்தச் சர்க்கரை தொடர்ந்து இறங்கினால் அடுத்த ஊசிக்கு முன் மருத்துவரைக் கூப்பிடுங்கள். மருந்துக்கடையில் குப்பியையும் சிரிஞ்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டிலும் ஒரே எண் இருக்கிறதா என்று பார்த்த பிறகே காசைக் கொடுங்கள்.