நந்தனார் வேஷம் யாருக்கு?

பெங்களூரில் இருக்கும் என் பேத்தி கோடை விடுமுறைக்கு ராபர்ட்சன்பேட்டை வந்திருந்தபோது, தன் கைப்பேசியில் ஓர் அமெரிக்க இசை நாடகத்தைக் காட்டினாள். பெயர் 'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்'. ஜூலி ஆண்ட்ரூஸ் நடித்து 1965இல் வந்த படத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். இது அதுவன்று. 2013 டிசம்பர் 5ஆம் தேதி என்.பி.சி. தொலைக்காட்சி நேரடியாக ஒளிபரப்பியது. வெட்டி ஒட்டும் வேலை கிடையாது, தப்பினால் தப்பினதுதான். நம் ஊர் விடிய விடிய நாடகம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கதாநாயகியாக கேரி அண்டர்வுட் என்ற பிரபல பாடகியைப் போட்டிருந்தார்கள். பாட்டில் குறையில்லை, நடிப்புத்தான் வரவில்லை என்று விமர்சகர்கள் எழுதினார்கள். ஆனாலும் 1 கோடியே 80 லட்சம் பேருக்கு மேல் பார்த்தார்கள். கன்னிமடத்துத் தலைவி வேஷம் ஆட்ரா மெக்டொனால்டு என்ற கறுப்பினப் பாடகிக்கு. கதை நடப்பதோ 1930களின் ஆஸ்திரியாவில். "அந்தக் காலத்துல அங்க அப்படி ஒரு மதர் இருந்திருப்பாங்களா தாத்தா?" என்று கேட்டாள் பேத்தி.

கடைக்காரனுக்கு உடனே விலை சொல்லத் தெரியவேண்டும். இந்தக் கேள்விக்கு என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை.

வேஷத்துக்கு ஆள் தேடுவது தமிழனுக்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையைப் படித்துப் பாருங்கள். ஆடுகிறவள் மாதவி. ஐந்து வயதில் தொடங்கி ஏழாண்டு பயின்று பன்னிரண்டில் மேடை ஏறுகிறாள். ஆடலாசிரியனுக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும், மத்தளக்காரனுக்கு என்ன, குழல்காரனுக்கு என்ன, யாழ்காரனுக்கு என்ன என்று இளங்கோவடிகள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக இலக்கணம் சொல்கிறார். அங்கே தகுதி என்றால் தொழில் தெரிந்திருப்பது.

சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) காலத்துக்கு வருவோம். இளமையில் அவரே எமன், சனீஸ்வரன் வேஷங்கள் கட்டியவர். பெரியவர்களைக் கட்டி மேய்ப்பது கடினம் என்று பின்னாளில் சிறுவர்களை வைத்து பாய்ஸ் கம்பெனி நடத்தினார். ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன் எல்லாமே பையன்கள்தான். அதில் ஒரு சங்கடம் உண்டு. மகரக்கட்டு என்பார்களே, பதின்மூன்று பதினான்கு வயதில் தொண்டை உடையும் காலம். நேற்றுவரை ஸ்திரீபார்ட்டாக மேடையை ஆண்ட பையன் ஒரே மாதத்தில் திரைக்குப் பின்னால் போய்விடுவான். மைக் இல்லாத காலம் அல்லவா! கடைசி வரிசைக்குக் கேட்கும் சாரீரம்தான் முதல் தகுதி. முகம், வயசு, ஆணா பெண்ணா எல்லாம் பிறகுதான். சுவாமிகளிடம் பயின்ற டி.கே. சண்முகம் ஔவையாராக நடித்து 'அவ்வை' சண்முகம் என்றே பெயர் பெற்றார். ஜனங்கள் கிழவியைத்தான் பார்த்தார்கள், ஆணைப் பார்க்கவில்லை.

இதைவிடப் பெரிய அதிசயம் 1935இல் நடந்தது. கணவர் எஸ்.ஜி. கிட்டப்பா 1933 டிசம்பரில், இருபத்தேழே வயதில் காலமானபின், கே.பி. சுந்தராம்பாள் வெள்ளைச் சேலை உடுத்தி, இனி எந்த ஆணோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்று இருந்துவிட்டார். அவரைப் படத்துக்கு இழுக்க ஒரே வழி, ஜோடியே இல்லாத வேஷம். நந்தனார் வேஷத்தையே கொடுத்தார்கள். சம்பளம் 1 லட்ச ரூபாய். அந்நாளில் அது கனவில் எண்ணும் தொகை. வேதியர் வேஷத்துக்கு மகாராஜபுரம் விசுவநாதய்யர். இரண்டு பேரும் பாட்டுக்காகவே எடுக்கப்பட்டவர்கள். பிறகு 1942இல் ஜெமினி எடுத்த நந்தனாரில் தேவாரம் பாடும் மரபில் வந்த எம்.எம். தண்டபாணி தேசிகர் நந்தனார். செருகளத்தூர் சாமா வேதியர்.

பெண் நடித்தாயிற்று, தேசிகர் நடித்தாயிற்று. நந்தனார் எந்த மக்களிலிருந்து வந்தாரோ, அந்த மக்களில் ஒருவர்? இந்தக் கேள்வியை மற்ற ஊர்க்காரர்கள் கேட்காமல் இருக்கலாம். தங்கவயல்காரன் கேட்காமல் இருக்க முடியாது. 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி சுரங்கம் வெட்ட வந்தபின், வட ஆற்காட்டிலிருந்து சாரைசாரையாக வந்து பாறைக்குள் இறங்கியவர்களில் பெரும்பாலோர் தாழ்த்தப்பட்ட மக்கள். மாரிக்குப்பத்தில் பௌத்த சங்கம் கண்டவர்கள். நந்தனைப் பௌத்த அரசன் என்று எழுதிய அயோத்திதாச பண்டிதரைப் படித்தவர்கள். ஜெமினி படத்துக்கு இங்கே எதிர்ப்புக் கிளம்பியது என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். இன்னொன்றும் சொல்லவேண்டும். சேக்கிழாரிடம் அந்த நிலச்சுவான்தார் வேதியரே கிடையாது. அவரைக் கொண்டுவந்தவர் கோபாலகிருஷ்ண பாரதியார். நாடகத்தில் நந்தன் குனிந்து நிற்கும் காட்சிகளெல்லாம் அவரால் வந்தவை.

1978இல் எங்கள் பேட்டையில் சில நண்பர்கள் சேர்ந்து நந்தனார் நாடகம் போட்டோம். எனக்குப் பத்தொன்பது வயது. வசனப் புத்தகம் பிடிப்பது என் வேலை. எங்கள் குழுவில் நல்ல சாரீரம் ஒருவருக்குத்தான். சாம்பியன் ரீப் லைனில் குடியிருந்த அண்ணன், சுரங்கத்தில் டிரில்லர். பாறைத் தூசி தின்ற நெஞ்சிலிருந்து அப்படி ஒரு குரல் எப்படி வந்தது என்று இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம்தான். நந்தனார் அவர்தான் என்று எல்லோரும் முடிவு செய்துவிட்டோம். அவரைக் கேட்கவே இல்லை.

"வேண்டாம். ஐயர் வேஷம் குடுங்க, வர்றேன்" என்றார்.

குழுவில் முணுமுணுப்பு. "பொருத்தமா இருக்குமா?" என்றார் ஒருவர். எனக்கு மட்டும் அவர் மனசு புரிந்தது. காரணம் உண்டு. நான் நயினார் வீட்டுப் பையன். வந்தவாசிப் பக்கத்துச் சமணக் குடும்பம். பள்ளிக்கூடத்தில் அப்பர் நாடகம் போட்டபோது, நாவுக்கரசரைச் சுண்ணாம்புக் காளவாயில் தள்ளும் சமண முனிவர் வேஷத்தை என்னிடம் கொடுத்தார்கள். வாத்தியார் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை, பொருத்தம் பார்த்தார். நடித்தேன், கைதட்டும் வாங்கினேன். வீட்டில் என் தாத்தா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

ஆகவே அண்ணன் பக்கம் பேசினேன். வேதியர் வேஷம் அவருக்கே ஆயிற்று. நந்தனாராக மரக்கடை முதலாளியின் மகன், சாரீரம் சுமார்.

நாங்கள் யோசிக்காத ஒன்று ஒத்திகையில்தான் தெரிந்தது. ஒரே ராத்திரியில் நாற்பது வேலி நிலமும் விளைந்து நிற்பதைக் கண்டு, வேதியர் நந்தன் காலில் விழவேண்டும். அதாவது, லைன் வீட்டு அண்ணன் மரக்கடைப் பையன் காலில்! "இந்தக் காட்சியை எடுத்துடலாமா அண்ணே?" என்றேன். வேண்டாம் என்று தலையசைத்தார்.

நாடகத்தன்று லைன் ஜனம் முழுக்க வந்திருந்தது. அவர் பூணூலும் பஞ்சகச்சமுமாக வந்து நந்தனை அதட்டியபோது ஒரு குழந்தைகூட அழவில்லை. பிறகு அவர் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். "எழுந்திருண்ணே!" என்று கூட்டத்தில் யாரோ கத்தினார்கள். மரக்கடைப் பையன் வசனத்தை மறந்து நின்றான். நான் எடுத்துக் கொடுத்ததும் அவன் காதில் ஏறவில்லை. திடீரென்று குனிந்து, புத்தகத்தில் இல்லாதபடி, இரண்டு கையாலும் அண்ணனைத் தூக்கி நிறுத்தினான். அண்ணன் மூச்சு வாங்காமல் அடுத்த பாட்டை எடுத்தார்.

திரைக்குப் பின்னால் தேங்காயெண்ணெய் வைத்து அரிதாரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தவரிடம் கேட்டேன், கஷ்டமாக இருந்ததா என்று.

"விழுந்தது ஐயருதானே தம்பி" என்றார். காலை ஷிப்டுக்குச் சங்கு ஊத இன்னும் இரண்டு மணி நேரம்தான் இருந்தது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

பேத்திக்கு அன்று இதைத்தான் சொன்னேன். "அந்தப் பையன் ஏன் தூக்கினான்?" என்று அடுத்த கேள்வி கேட்டாள்.